ஊரப்பாக்கத்தில் வீடு பார்க்கும் சகோதரிக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

சங்கரன்கோவிலிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. கணவருக்கு ஒரகடத்தில் வேலை உறுதியாகிவிட்டது, ஆயுத பூஜை முடிந்ததும் சேர வேண்டும், கூட வேலை பார்க்கப்போகிற ஒருவர் ஊரப்பாக்கத்தில் வீடு இருப்பதாகச் சொல்கிறார், மூத்தவள் எட்டாம் வகுப்பு, சின்னவன் ஐந்தாம் வகுப்பு, மாமியாருக்குச் சர்க்கரையும் முழங்கால் வலியும். இவ்வளவையும் எழுதிவிட்டு, எல்லோரும் கிளம்புவதா, அவர் மட்டும் போய் இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஓரமாக, நீங்கள் வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுப்பதாகவும், வந்தால் அது நின்றுபோகும் என்றும் ஒரு வரி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் வாருங்கள். ஆனால் இப்போது வேண்டாம். பிள்ளைகளின் முழுப் பரீட்சை முடிந்து மே மாதம் வாருங்கள். அந்த ஏழெட்டு மாதம் அவர் இங்கே ஓர் அறை எடுத்துத் தங்கட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்க எழுதப்போகிறேன். ஓரமாக எழுதினீர்களே, அந்த வரியிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் வீட்டில் எப்படிக் கணக்குப் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். புதுச் சம்பளத்தில் வாடகையைக் கழித்திருப்பார்கள், பால், மளிகை, பள்ளிக்கூடம் என்று கழித்திருப்பார்கள். மிச்சம் இப்போதையதைவிடக் கூடுதலா என்று பார்த்திருப்பார்கள். அந்தக் கணக்கில் உங்கள் தையல் வருமானம் கழிக்கப்பட்டிருக்காது. அளவு எழுதி வைத்த நோட்டை நீங்கள் கையோடு கொண்டுவரலாம். அதில் பெயர் எழுதியிருக்கிற பெண்களைக் கொண்டுவர முடியாது. புறநகரில் ரவிக்கைக்குக் கூலி உங்கள் ஊரைவிடக் கூடுதல்தான். ஆனால் புதுத் தெருவில் நாலு பெண்கள் நம்பிப் பட்டுத்துணியைக் கையில் கொடுக்க ஒரு தீபாவளியாவது கடக்க வேண்டும். அதுவரை உங்கள் கையில் சொந்தக் காசு புழங்காது. எங்கள் பக்கத்துத் தெருக்களில் தெற்கிலிருந்து வந்து குடியேறிய வீடுகள் நிறைய. ஊரில் பீடி சுற்றியவர், டியூஷன் எடுத்தவர், மாடு வைத்துப் பால் ஊற்றியவர் என்று ஏதோ ஒரு வருமானம் வைத்திருந்த பெண்கள்தான் அந்த வீடுகளில் இருக்கிறார்கள். வந்த பிறகு அதை யாரும் பேசுவதில்லை. ஆகவே அவருடைய சம்பளத்தை எழுதும் அதே தாளில் உங்கள் மாத வருமானத்தையும் எழுதிக் கழியுங்கள். அப்புறமும் மிச்சம் நிற்கிறதென்றால்தான் அது மிச்சம்.

அடுத்தது, நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்பது. ஊரில் எல்லோரிடமும் சென்னைக்குப் போகிறோம் என்றுதான் சொல்வீர்கள். ஊரப்பாக்கம் 2019இல் புதிதாகப் பிரித்த செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிற ஓர் ஊராட்சி. அதற்கு வடக்கே பெருங்களத்தூர் தாம்பரம் மாநகராட்சிக்குள் வருகிறது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உண்டாக்கிய மாநகராட்சி அது. தெற்கே நந்திவரம் கூடுவாஞ்சேரி நகராட்சி. வேலை செய்யப்போகிற ஒரகடமோ காஞ்சிபுரம் மாவட்டம். ஜி.எஸ்.டி. சாலையில் சிறிது தூரம் போவதற்குள் எல்லை மாறிவிடும். எல்லை மாறினால் தண்ணீர் விடுகிறவர், குப்பை எடுக்கிறவர், தெருவிளக்குக்குப் பதில் சொல்கிறவர் எல்லோரும் மாறிவிடுவார்கள். சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாய் உங்கள் தெருவுக்கு வராது. வீடு பார்க்கும்போது இது எந்த ஊராட்சி, எந்த வார்டு என்று கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டுக்காரருக்கே சில சமயம் உறுதியாகத் தெரியாது. வீட்டு வரி ரசீதில் இருக்கும்.

ஊரப்பாக்கம்தான் என்று ஏன் முடிவு செய்தார்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தெரிந்தவர் சொன்னார் என்பது மட்டும் போதாது. ஒரகடத்துக்கு இரண்டு வழி. வண்டலூரிலிருந்து மண்ணிவாக்கம், படப்பை வழியாகப் போகும் வாலாஜாபாத் சாலை ஒன்று. சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை இன்னொன்று. அவருடைய கம்பெனி பஸ் எந்த வழியில் வருகிறது, கடைசி நிறுத்தம் எது, இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை எங்கே இறக்கிவிடுகிறார்கள் என்பதைக் கேட்ட பிறகுதான் ஊரைத் தீர்மானிக்க வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மறைமலைநகரையும் சிங்கப்பெருமாள்கோவிலையும் முதலில் பார்ப்பேன். ஒரகடத்துக்குப் பக்கம், ரயில் நிலையம் இருக்கிறது, மறைமலைநகர் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) திட்டம் போட்டு உருவாக்கிய துணை நகரம் என்பதால் தெருக்கள் ஓரளவு அகலமாக, ஒழுங்காக இருக்கும்.

ரயில் பாதையை விட்டு விலகாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழிற்சாலை வேலையை நம்பி வருகிறீர்கள். தொழிற்சாலைகள் மூடவும் செய்யும். மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோது, அதையும் அதற்கு உதிரிபாகம் செய்து கொடுத்த பட்டறைகளையும் நம்பி வீடு எடுத்திருந்த குடும்பங்கள் திண்டாடின. ஆலைக்குப் பக்கத்தில் மட்டும் இருக்கிற ஊரில், படப்பையைத் தாண்டி உள்ளே எங்கேயோ வீடு எடுத்துவிட்டால், ஒரு வேலை போனால் அடுத்த வேலைக்கு வீட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரை நிலையம் வரை போகிற மின்சார ரயில் பாதையில் ஏதோ ஒரு நிலையத்துக்கு நடந்துபோகிற தூரத்தில் வீடு இருந்தால், தாம்பரம், குரோம்பேட்டை, கிண்டி, மாம்பலம், எழும்பூர் எல்லாம் ஒரே சீசன் டிக்கெட்டில் அடங்கிவிடும். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் 1931இலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. தென் சென்னையின் நடுத்தரக் குடும்பங்கள் இந்தப் பாதையை ஒட்டியேதான் பரவின. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: தாம்பரம் தாண்டி வருகிற வண்டிகள் குறைவு. காலை ஆறு முதல் ஒன்பதுவரை எத்தனை வண்டி, இரவு கடைசி வண்டி எப்போது என்று அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

இந்த ரயில் அவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் வேண்டும். லைனிங் துணியும் நூலும் வாங்க நீங்கள் தி.நகரின் ரங்கநாதன் தெருவுக்குப் போக வேண்டியிருக்கும். மாம்பலம் நிலையத்தில் இறங்கினால் தெரு எதிரிலேயே. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் கிடையாது. பெண் வெளியே போய்வரத் தோதான வீடா என்பதை வாடகைக்கு அடுத்தபடியாகக் கேளுங்கள். மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, ஷேர் ஆட்டோவும் வராத மனைப்பிரிவில், வாடகை இரண்டாயிரம் குறைவு என்று குடியேறி, கணவர் பைக்கில் கிளம்பிப் போன பிறகு நாள் முழுக்க வீட்டோடு கிடக்கிற பெண்களை எனக்குத் தெரியும். அந்த இரண்டாயிரத்தை மிச்சப்படுத்துவது அவர்கள்தான். அவர்கள் பெயரில் அது வரவு வைக்கப்படுவதில்லை.

இனி தண்ணீர். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே முதல் அதிர்ச்சி இதுதான். இந்தப் பக்கம் பெரும்பாலான வாடகை வீடுகளில் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் போர் தண்ணீர். குடிக்க, சமைக்க இருபது லிட்டர் கேன். ஊராட்சியோ நகராட்சியோ விடுகிற தண்ணீர் சில தெருக்களுக்குத் தினமும் வரும், சில தெருக்களுக்கு ஒன்றுவிட்டு ஒருநாள், சில இடங்களுக்கு வரவே வராது. போர் தண்ணீரின் குணம் தெருவுக்குத் தெரு மாறும். வீட்டுக்காரர் நல்ல தண்ணீர் என்றுதான் சொல்வார். நீங்களே பாருங்கள்: குளியலறைக் குழாயைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன வாளியின் உட்புறம் எப்படி இருக்கிறது, சோப்புப் போட்டுக் கை கழுவினால் நுரைக்கிறதா, திரிதிரியாகப் போகிறதா. உப்புக் கூடின தண்ணீரில் துவரம்பருப்பு லேசில் வேகாது, முடி கொட்டும், வெள்ளைச் சட்டை நாலு துவையலில் பழுப்பேறும். தைக்கிறவர் நீங்கள், துணியின் நிறம் உங்களுக்குத் தொழில்.

தண்ணீரின் தரம் ஒன்று, இருப்பு இன்னொன்று. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தருகிற பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் அநேகமாக வற்றின; ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதெல்லாம் மாநகருக்கு. போர் மட்டுமே நம்பியிருந்த புறநகர்த் தெருக்கள் தனியார் லாரிக்குப் போன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அதனால் எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் கேளுங்கள்: சித்திரை, வைகாசியில் போர் வற்றுமா, லாரித் தண்ணீர் வாங்குவீர்களா, வாங்கினால் காசை யார் கொடுப்பது? மெயின்டனன்ஸ் என்று மாதாமாதம் வாங்குகிற பணத்தில் லாரித் தண்ணீர் சேர்ந்ததா இல்லையா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கழிவுநீருக்கும் இதே கேள்வி. பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்களில் எல்லாம் செப்டிக் டேங்க்தான். அது நிறைந்தால் லாரி வர வேண்டும். எட்டுக் குடித்தனம் உள்ள கட்டடத்தில் அது அடிக்கடி நிறையும்.

தண்ணீர் இல்லாத பயம் ஆறு மாதம் என்றால், தண்ணீர் வந்துவிடுகிற பயம் மூன்று மாதம். தாம்பரத்தில் 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்துநாலு மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளம் முழுகி, மக்களைப் படகில் ஏற்றினார்கள். அடையாற்றுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற ஏரிகளில் பல, ஆதனூரும் மண்ணிவாக்கமும் உட்பட, நீங்கள் வீடு தேடுகிற இதே வட்டாரத்தில் இருக்கின்றன. ஓர் ஏரி நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்த ஏரிக்குப் போகிற வழியில்தான் மனைப்பிரிவு போட்டிருக்கிறார்கள். குளமும் கண்மாயும் மறுகாலும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுகால் ஓடையில் உங்கள் ஊரில் ஒருவர் வீடு கட்டினால் பெரியவர்கள் என்ன சொல்வார்களோ, அதே கண்ணோடு இந்த ஊரையும் பாருங்கள்.

இதற்காகத்தான் அவர் முதலில் தனியாக வரட்டும் என்கிறேன். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அவர் இங்கே இருக்கப்போகிறார். அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. பெருமழை பெய்த மறுநாள் காலையில், வாரவிடுமுறை கிடைக்கிறபோதெல்லாம், தெருத்தெருவாக நடந்து பார்க்கட்டும். எந்தத் தெருவில் கணுக்கால் அளவு, எந்தத் தெருவில் முழங்கால், எந்தத் தெரு மழை விட்ட இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிட்டது என்று குறித்து வைக்கட்டும். பங்குனி மாதம் வந்து வீடு பார்க்கிறவருக்கு எல்லாத் தெருவும் ஒன்றுபோலக் காய்ந்துதான் கிடக்கும். சுவரில் நீர் நின்ற கறையின் மேல் புது வெள்ளை அடித்திருப்பார்கள். பெட்டிக்கடைக்காரரிடமும் இஸ்திரி போடுகிறவரிடமும் 2015இல் தண்ணீர் எதுவரை வந்தது, 2023 மிக்ஜாம் புயலில் எப்படி இருந்தது என்று கேட்டால் கையை உயர்த்திக் காட்டுவார்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள்.

இதில் உங்கள் வீட்டுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. மாமியாருக்கு முழங்கால் வலி, ஆகவே மாடிவீடு ஆகாது. இந்தப் பக்கத்து மூன்று மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் இருப்பது அபூர்வம். உங்கள் தையலுக்கும் தரைத்தளம், அதுவும் தெருவைப் பார்த்த அறை வேண்டும். மூன்றாம் மாடியில் தையல்காரி இருப்பது யாருக்கும் தெரியாது. ஆனால் மழைத்தண்ணீர் முதலில் நுழைவதும் தரைத்தளத்தில்தான். இதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான்: ரோட்டைவிட மூன்று படியாவது உயர்த்திக் கட்டிய அஸ்திவாரம் உள்ள தரைத்தள வீடு, மேட்டுப்பாங்கான தெருவில். அது எளிதில் கிடைக்காது. கிடைக்கும்வரை தேடுங்கள். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, ரோடு உயர்ந்து வீடு பள்ளமாகிப் போன தெருக்கள் இங்கே நிறைய. பழைய வீடென்றால் வாசற்படி ரோட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கிடைக்கவில்லையென்றால் முதல் மாடி, கைப்பிடி வைத்த, அகலமான படி. தையலுக்குக் கீழே சின்னதாக ஒரு போர்டு மாட்ட வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று முன்னாடியே கேட்டுவிடுங்கள். மோட்டார் வைத்த மெஷின் ஓட்டுவதையும் மறைக்காதீர்கள்.

கரண்ட் விஷயமும் இங்கேயே வருகிறது. தனி மீட்டர் உள்ள வீட்டையே எடுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கிற 100 யூனிட் இலவசம் அப்போதுதான் உங்களுக்கு வரும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வசூலிக்கிற இடத்தில், தையல் மெஷினும் ஓட்டினால், வாடகையில் குறைத்ததை இதில் எடுத்துவிடுவார்கள்.

அட்வான்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பத்து மாத வாடகை கேட்பது இந்த ஊர்ப் பழக்கம். 2017இல் நிறைவேறி 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அந்த ‘வேறுவிதமாக ஒப்புக்கொண்டால்’ என்பதை வைத்துக்கொண்டு கூடுதலாகக் கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் சட்டத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசினால் ஐந்து மாதம் வரையாவது இறங்குவார்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், தகராறு வந்தாலும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக்கூடாது என்பதெல்லாம் அதே சட்டத்தில் இருக்கிறது. பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வோம் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்வார்கள். அதையும் எழுதச் சொல்லுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள், டு லெட் போர்டு தொங்கிக்கொண்டே இருக்கும். மார்கழியில் பேசி முடித்துத் தையில் சாவி வாங்குகிறோம் என்றால் வீட்டுக்காரர் கொஞ்சம் இளகுவார். அப்படி அமைந்தால் அவர் தையிலேயே குடிபோய் நீங்கள் வரும்வரை இருந்து பார்க்கட்டும். வாடகை நஷ்டமாகத் தெரியும், ஆனால் வேனல் தண்ணீரையும் சோதித்தாயிற்று.

வீடு தேடும்போது நீங்கள் என்ன ஆட்கள் என்று கேட்பார்கள். அசைவம் சமைப்பீர்களா என்பார்கள். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் அடிக்கடி வந்து தங்குவார்களா என்பார்கள். மனது நோகும், எனக்கு இதைக் கேட்கும்போதே கோபம் வருகிறது. பொய் சொல்லி உள்ளே போகாதீர்கள். கருவாடு வதக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு பயந்து வாழ்கிற வீட்டில் பிள்ளைகள் வளரக் கூடாது. இந்தக் கேள்விகளைக் கேட்காத வீட்டுக்காரர்களும் இதே தெருக்களில் இருக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் பற்றி உங்கள் கணவர் ஒன்றும், நீங்கள் ஒன்றும் நினைப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர் சி.பி.எஸ்.இ. தனியார் பள்ளி என்கிறார். உங்கள் மகள் இப்போது அரசுப் பெண்கள் பள்ளியில் நன்றாகப் படிக்கிறாள். இதில் நான் தயங்காமல் உங்கள் பக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. மறுவருடம் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீட்டினார்கள். அவள் இரண்டு வருடத்துக்கு மேல் அந்தத் தகுதியைச் சேர்த்து வைத்திருக்கிறாள். ஒரு வருடம் தனியார் பள்ளிக்கு மாற்றினாலும் அது போய்விடும், திரும்ப வராது. கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான். பையன்களுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் வந்தது. சின்னவன் இனிமேல்தான் ஆறாம் வகுப்புக்குப் போகப்போகிறான், அவனுக்கும் இதை யோசித்து முடிவெடுங்கள். தனியார் பள்ளிக் கட்டணத்தில் ஒரு பங்கை வைத்து மாலையில் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் தனியாக ஏற்பாடு செய்யலாம்.

அரசுப் பள்ளிக்குள்ளேயே மாறுவது எளிது. சங்கரன்கோவிலில் படிக்கிற அதே சமச்சீர்ப் பாடப்புத்தகம்தான் இங்கேயும். எட்டாம் வகுப்பு வரை மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதைச் சொல்லிச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. இருந்தாலும் நடு வருடத்தில் மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. எட்டாம் வகுப்புப் பெண் குழந்தைக்குத் தோழிகள்தான் பாதி உலகம். அரைப் பரீட்சை முடிந்த கையோடு கொண்டுவந்து யாரையும் தெரியாத வகுப்பில் உட்கார வைத்தால், படிப்பு கெடுவதைவிட மனது கெடும். ஜூனில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தால் அவளைப்போலவே புதிதாக வந்த நாலு பிள்ளைகள் இருப்பார்கள். உங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிற பிள்ளைகளும் இருக்கலாம். வீட்டில் உங்கள் பேச்சை மாற்றாதீர்கள். ஆத்தாளும் ஆச்சியும் பேசுகிற மாதிரியே அவள் பேசட்டும்.

மாமியாரைப் பற்றி. ஊரில் வாசல் திண்ணையில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். இங்கே அது கிடையாது, இதை மறைத்துச் சொல்லி அழைத்துவராதீர்கள். பக்கத்தில் கோவிலோ, சாயங்காலம் பெண்கள் உட்கார்ந்து பேசுகிற மரத்தடியோ, மளிகைக்கடை பெஞ்சோ நடக்கிற தூரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது மருந்துக்கடை இருக்கிறதா என்று பார்ப்பதைவிட முக்கியம். சர்க்கரை மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கலாம். மக்களைத் தேடி மருத்துவத் திட்டம் இங்கேயும் உண்டு. பெரிதாக ஏதும் என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஊர் நினைப்பு வரும்போது போய்வர வழி இருக்கிறது. தென் மாவட்ட அரசுப் பேருந்துகள் 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் முனையத்திலிருந்து புறப்படுகின்றன, அது உங்களுக்கு வீட்டு வாசல் மாதிரி. பொதிகை ரயில் தாம்பரத்தில் நிற்கும், சங்கரன்கோவிலிலும் நிற்கும். பயண நாளுக்கு 60 நாள் முன்னால் முன்பதிவு தொடங்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அன்று காலை எட்டு மணிக்கே உட்கார்ந்து எடுத்தால்தான் உண்டு.

ரேஷனுக்கு அலைய வேண்டியதில்லை. 2020 அக்டோபரிலிருந்து மாநிலத்தில் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். நிதானமாக முகவரி மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் வாக்காளர் அட்டையைத் தள்ளிப்போடாதீர்கள். படிவம் 8 கொடுத்து இங்கே மாற்றுங்கள். பிழைக்க வந்த குடும்பங்கள் பல ஆண்டுகள் ஆகியும் ஊரிலேயே ஓட்டு வைத்திருப்பதால்தான், இருபது தெருவில் நிறைந்து வாழ்கிற வாடகைக் குடித்தனக்காரர்களை ஊராட்சியில் யாரும் மதிப்பதில்லை. மழைநீர் வடிகாலுக்கு வார்டு உறுப்பினரிடம் போய் நிற்கும்போது உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

சொந்தமாக மனை வாங்குவது பற்றி அவர் இப்போதே பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மழைக்காலம் இந்தப் பக்கம் வாழ்ந்து பார்க்காமல் ஒரு சென்ட்கூட வாங்க வேண்டாம். விலை ஏறிவிடும் என்று பயமுறுத்துவார்கள். ஏறட்டும்.

எல்லோரும் வாருங்கள் என்று ஏன் சொன்னேன் என்பதை எழுதாமல் விட்டுவிட்டேன். அவர் இங்கே, நீங்கள் அங்கே என்று நான்கைந்து வருடம் கடந்தால், பிள்ளைகளுக்கு அப்பா மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறவராகிவிடுவார்; உங்களுக்கோ இரண்டு பேர் வேலையும் தலைமேல் விழும். அந்த வாழ்க்கையைப் பணம் ஈடு செய்யாது. ஏழெட்டு மாதம் பொறுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டை அவர் தேடட்டும், நாலைந்தை ஒதுக்கி வைக்கட்டும். அட்வான்ஸ் பணம் கைமாறுவதற்கு முன்னால் நீங்கள் ஒரு நடை ரயிலேறி வந்து அந்த வீடுகளைப் பாருங்கள். செலவைப் பார்க்காதீர்கள். குழாயைத் திறந்து பாருங்கள், மெஷின் போடப்போகிற இடத்தில் பகல் வெளிச்சம் விழுகிறதா பாருங்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அரைமணி நேரம் பேசுங்கள். அந்த வீட்டில் நாள் முழுக்க இருக்கப்போவது நீங்களும் உங்கள் மாமியாரும்தான். உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால், தெரிந்தவர் சொன்ன வீடாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
தாம்பரத்திலிருந்து